வாசகர் கேள்வி–பதில்: ‘ஓ பேர்’ என்று சொல்லி ஆள் அனுப்பும் ஏஜென்சியை நம்பலாமா?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறோம், எந்த ஏஜென்சியிடம் போவது என்று கேட்டு வரும் கடிதங்கள் அண்மைக் காலமாக அதிகமாகிவிட்டன. அவற்றுள் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படியே வெளியிடவில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிப்பெண் ஒப்பந்தங்களையும் அவை தொடர்பான புகார்களையும் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தவள் என்ற முறையிலும், என் தாயாருக்காக ஒரு முறை ஏஜென்சியின் வாசலில் போய் நின்றவள் என்ற முறையிலும் இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை செய்கிறோம். இருவருக்கும் 12 மணி நேர ஷிப்டு. மூன்று வயதில் ஒரு மகளும் பதினோரு மாதத்தில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் குழந்தையைத் தூக்க முடியவில்லை. உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமான ஏஜெண்டு, தமிழ்நாட்டிலிருந்து 22 வயதுப் பெண்ணை ‘ஓ பேர்’ முறையில் அழைத்து வருவதாகச் சொல்கிறார். அவள் பணிப்பெண் அல்ல, வீட்டுப் பெண்ணைப் போல இருப்பாள் என்பதால் பெர்மிட்டும் லெவியும் தேவையில்லை, சுற்றுப்பயணியாக வந்தாலே போதும் என்கிறார். முன்பணம் 6,500 ரிங்கிட். அவளுக்கு மாதம் 700 ரிங்கிட் கைச்செலவுக்குக் கொடுத்தால் போதுமாம். தமிழ் பேசும் பெண் என்பதால் மாமியாருக்கும் இதில் ஆசை. நம்பலாமா? நல்ல ஏஜென்சியை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு தாய், பாயான் லெப்பாஸ்

பதில்: வேண்டாம், சகோதரி. முன்பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்தப் பெண் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, தூங்காமல் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் தாய்மார்களை நான் அறிவேன். அந்தக் களைப்பை அறிந்துதான் இத்தகைய ஏஜெண்டுகள் பேசுகிறார்கள்.

‘ஓ பேர்’ என்பது பிரெஞ்சுச் சொல். சமமாக என்பது அதன் பொருள். வேற்று நாட்டு இளையவர் ஒருவர் ஒரு குடும்பத்தில் உறுப்பினரைப் போலத் தங்கி, அந்நாட்டு மொழியையும் வாழ்க்கை முறையையும் கற்றுக்கொண்டு, பதிலுக்கு நாளில் சில மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஐரோப்பிய மன்றம் 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இதற்கென ஓர் உடன்படிக்கையை உருவாக்கி, அவ்வாறு வரும் இளையவரின் வேலை பொதுவாக ஒரு நாளில் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், மொழி வகுப்புக்குப் போக அவருக்கு நேரம் தர வேண்டும் என்றும் வரையறுத்தது. ஏஜெண்டு சொல்வது சட்டப்படி சரியென்றே வைத்துக்கொண்டாலும், 12 மணி நேர ஷிப்டில் இருவரும் வெளியே இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஐந்து மணி நேரத்து உதவி எப்படிப் போதும்? அவர் உங்களுக்குத் தருவதாகச் சொல்வது முழுநேரப் பணிப்பெண்ணை. பெயர் மட்டும் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிப் பெண்ணுக்குச் சம்பளத்தைக் குறைக்கிறார், அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய லெவியையும் விட்டுவிடுகிறார்.

மலேசியக் குடிநுழைவுத் துறையில் ‘ஓ பேர்’ என்ற பெயரில் எந்த அனுமதியும் கிடையாது. வெளிநாட்டுப் பெண் ஒருவர் இங்கே ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், அவர் வெளிநாட்டு வீட்டுப் பணியாளராகத் தற்காலிக வேலை பெர்மிட்டோடு வர வேண்டும். சுற்றுப்பயணியாக வந்தவரை வேலைக்கு வைத்துக்கொண்டால், குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி வேலைக்கு வைத்தவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு வைத்தவர் என்றால் நீங்களும் உங்கள் கணவரும்தான். ஏஜெண்டின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அந்தப் பெண்ணின் நிலை அதைவிட மோசம். சம்பளம் கிடைக்காவிட்டாலும், உடம்புக்கு முடியாமல் போனாலும் அவள் எந்த அலுவலகத்தின் வாசலையும் மிதிக்க அஞ்சுவாள். பிடிபட்டால் தடுப்பு முகாமுக்குப் போவாள். வீட்டுப் பெண்ணைப் போல இருப்பாள் என்று சொல்லி அழைத்து வரப்படும் ஒருத்தியை அந்த நிலையில் நிறுத்த நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தியத் தரப்பிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடப்பிதழ், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அத்தகைய அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. அந்த வகைக் கடப்பிதழ் வைத்திருக்கும் பெண் வீட்டு வேலைக்குச் செல்ல 30 வயது நிறைந்திருக்க வேண்டும்; தனியார் ஏஜெண்டு அவரை அனுப்ப முடியாது, சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளின் வழியாகத்தான் செல்ல வேண்டும். 22 வயதுப் பெண்ணைச் சுற்றுப்பயணியாக அனுப்ப உங்கள் ஏஜெண்டு ஏன் முனைகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். தமிழ் பேசுபவர் வேண்டும் என்ற உங்கள் மாமியாரின் ஆசையில் தவறில்லை. இந்தியாவும் இலங்கையும் பணிப்பெண்களை எடுக்க அனுமதிக்கப்பட்ட நாடுகளே. ஆகவே முறையான வழியிலேயே அந்த ஆசை நிறைவேறலாம். காலம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இனி ஏஜென்சிக்கு வருகிறேன். தனியார் வேலைவாய்ப்பு முகவர் நிறுவனங்களுக்கு 1981ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. 2017இல் அது திருத்தப்பட்டு, உரிமங்கள் ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. வெளிநாட்டவரை இங்கே வேலைக்குக் கொண்டுவருவதற்கு சி வகை உரிமம் வேண்டும். அதற்காக அந்த நிறுவனம் அரசாங்கத்திடம் 250,000 ரிங்கிட் உத்தரவாதம் வைக்கிறது. ஏ வகை உரிமத்தைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பெண்களை அனுப்பும் அலுவலகங்கள் பற்றிய புகார்களை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆகவே உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், அதன் வகை, எண், காலாவதித் தேதி, அதில் உள்ள நிறுவனப் பெயர், முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தொழிலாளர் இலாகாவைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபாருங்கள். உரிமத்தில் இருக்கும் முகவரியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகமும் ஒன்றா என்று பார்ப்பது முக்கியம். ஓர் உரிமத்தின் நிழலில் நாலு தரகர்கள் தொழில் செய்வதுண்டு. சிக்கல் வந்ததும் உரிமக்காரர் அந்தத் தரகரைத் தெரியாது என்பார், தரகரின் தொலைபேசி அணைந்திருக்கும்.

பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். மொத்தத் தொகையில் லெவி எவ்வளவு, விசா எவ்வளவு, மருத்துவப் பரிசோதனை எவ்வளவு, விமானச் சீட்டு எவ்வளவு, ஏஜென்சியின் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதிய தாளைக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் அந்தத் தாளை முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருப்பார். ‘எல்லாம் சேர்த்து ஒரே விலை’ என்று சொல்பவரிடம், பெண் வராமல் போனால் எந்தப் பகுதி உங்களுக்குத் திரும்பி வரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சை மாற்றுவார்.

இவை யாவும் தாள்களைப் பற்றியவை. எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றும் ஒன்று உண்டு. அதைச் சொல்ல என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் தாயார் பக்கவாதத்தால் படுத்திருந்தபோது ஓர் ஏஜென்சிக்குப் போனேன்; பெயர் வேண்டாம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் கொடுக்கப்பட்ட தாளில் மூன்றாவது பெண்ணுக்கு வயது 25 என்றும், முதியோர் பராமரிப்பில் நான்காண்டு அனுபவம் என்றும் இருந்தது. நான் மலாய் மொழியில் வயதைக் கேட்டேன். அவள் மேசைப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாக, “செம்பிலான் பெலாஸ்” என்றாள். பத்தொன்பது. அவளுடைய இடது முன்கையின் உட்புறத்தில் பேனாவால் ஒரு தொலைபேசி எண் எழுதப்பட்டிருந்தது. வியர்வையில் கடைசி இரண்டு எண்கள் கலைந்திருந்தன. அது என்ன என்று கேட்டபோது, அம்மாவின் எண் என்றாள். அவளுடைய கைப்பேசியை ஏஜென்சி வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. அன்று நான் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் என்னோடு இருக்கிறது.

அதனால்தான் இப்போது என்னிடம் வழி கேட்பவர்களிடம், உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு வரப்போகும் பெண்ணைப் பற்றி ஏஜென்சியிடம் கேளுங்கள் என்கிறேன். ஊரில் அவளைச் சேர்த்தவர் யார்? வருவதற்கு அவள் எவ்வளவு கடன் வாங்கினாள்? முதல் எத்தனை மாதச் சம்பளம் பிடிக்கப்படும், அது அவளுக்குத் தெரியுமா? அவளோடு நாங்கள் காணொளியில், உங்கள் ஆள் அருகில் இல்லாமல், பேசலாமா? வந்தபின் அவளை யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை நேரில் பார்ப்பார்கள்? எங்கள் வீடு ஒத்துவராவிட்டால் அடுத்த வேலை கிடைக்கும்வரை அவள் எங்கே தூங்குவாள்? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் தரும் ஏஜென்சிகள் குறைவு; கிடைத்தால் அங்கேயே உங்கள் தேடலை நிறுத்திக்கொள்ளலாம். ஆறு மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டு, கையில் காசில்லாமல், வீட்டுக்குப் பேச முடியாமல் இருக்கும் ஒருத்தி உங்கள் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்த மனநிலையில் இருப்பாள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் நம் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் உடலெல்லாம் புண்ணோடு மீட்கப்பட்டு மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். அக்கம்பக்கத்தார் தகவல் கொடுத்ததால்தான் அவர் அந்த வீட்டு வாசலிலிருந்து மீட்கப்பட்டார். வேலைக்கு வைத்த பிறகு நேரில் வந்து பார்ப்பீர்களா என்று நான் வலியுறுத்திக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

இந்தோனேசியாவிலிருந்து ஆள் எடுப்பதானால் வேறு சில விவரங்களும் தெரிந்திருக்க வேண்டும். கொடுமைச் சம்பவங்களுக்குப் பிறகு அந்நாடு 2009 ஜூனில் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. 2011 மே மாதம் பாண்டுங் நகரில் கையெழுத்தான, இரு நாட்டு ஒப்பந்தத்தின் திருத்தத்தில் வாரம் ஒரு நாள் விடுமுறையும், கடப்பிதழைப் பணிப்பெண்ணே வைத்துக்கொள்ளும் உரிமையும் சேர்க்கப்பட்டன. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி ஜகார்த்தாவில், அப்போதைய மனிதவள அமைச்சர் டத்தோ ஸ்ரீ எம். சரவணன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கீழ்க் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் என நிர்ணயிக்கப்பட்டது. உங்கள் ஏஜெண்டு சொன்ன 700 ரிங்கிட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தின் குறைந்தபட்ச ஊதிய ஆணை வீட்டுப் பணியாளர்களை உள்ளடக்காததால், நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் இத்தகைய ஒப்பந்தங்களே அவர்களுக்கு இருக்கும் பிடிமானம்.

பெர்மிட்டில் வருபவருக்கு வயது 21 முதல் 45க்குள் இருக்க வேண்டும். வந்த 30 நாளுக்குள், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபொமேமா மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளர்களையும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு செய்வது வேலைக்கு வைப்பவரின் கடமை. இதை ஏஜென்சி செய்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு மூன்று வயது என்பதால் அவளையாவது பதிவு பெற்ற தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில், விட முடியுமா என்று யோசியுங்கள். நம் பாட்டிமார் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனபோது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில்தான் விட்டுப் போனார்கள். அதன் இன்றைய முறையான வடிவம் இது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று அங்கே கணக்கு இருக்கிறது. ஒரே பெண்ணின் தலையில் இரண்டு சிறு பிள்ளைகளையும், சமையலையும், மாமியாரின் பராமரிப்பையும் சுமத்துவதைவிட இது எல்லாருக்கும் நல்லது.

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. ஜெர்மன் மொழி படிக்கிறாள். ஓராண்டு ஜெர்மனியில் ‘ஓ பேர்’ ஆக இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறாள். கோலாலம்பூரில் ஓர் ஏஜென்சி 9,000 ரிங்கிட் கேட்கிறது. ஜெர்மனி இல்லாவிட்டால் நார்வேக்கு அனுப்புகிறோம் என்கிறது. ஸ்டுட்கார்ட் நகரில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் ஒரு யோசனை. எது நல்லது?
— ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்திலேயே அந்த ஏஜென்சியைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது. நார்வே நாடு 2024 மார்ச் மாதத்தோடு ‘ஓ பேர்’ அனுமதி கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அந்தப் பெண்கள் மலிவான வீட்டு வேலைக்காரர்களாகப் பயன்படுத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. இது தெரியாமல் ஒருவர் தொழில் செய்தால் அவரிடம் மகளை ஒப்படைக்க முடியாது. தெரிந்தே சொல்கிறார் என்றால் சொல்லவே வேண்டாம்.

தங்கை வீடு என்ற யோசனையும் நடக்காது. ‘ஓ பேர்’ ஆகச் செல்பவர் அந்தக் குடும்பத்துக்கு உறவினராக இருக்கக் கூடாது என்பது ஜெர்மனியின் விதி. மொழியும் பண்பாடும் கற்பதற்காகத் தரப்படும் விசா என்பதால், வீட்டில் ஜெர்மன் பேசும் குடும்பமாகவும் இருக்க வேண்டும். அத்தை வீட்டுக்கு விடுமுறையில் போய்வரட்டும். ஆபத்து என்றால் ஓடிப்போய் நிற்க ஒரு கதவு அதே நாட்டில் இருப்பது, எந்த ஏஜென்சியும் தர முடியாத பாதுகாப்பு.

மற்ற விதிகளை நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்து, 27 வயதை எட்டாதிருக்க வேண்டும். ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். வேலை வாரத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குடும்பம் மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணமும், மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோவும் தர வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் குடும்பமே ஏற்க வேண்டும். தனி அறை தர வேண்டும். மலேசியர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் ஜெர்மனிக்குப் போகலாம் என்பதைக் காட்டி, முதலில் போய்விடட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். ‘ஓ பேர்’ விசாவைக் கோலாலம்பூரில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் வாங்கிய பிறகே புறப்பட வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி: ஜெர்மனியில் இயங்கும் ஏஜென்சி, ‘ஓ பேர்’ ஆக வருபவரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்க அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. அந்நாட்டுச் சட்டம் கோலாலம்பூர் ஏஜென்சியைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் 9,000 ரிங்கிட் எதற்கு என்று கேட்கும்போது இந்த 150 யூரோவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் ஜெர்மனியில் இத்தகைய ஏஜென்சி நடத்தத் தனி உரிமம் தேவையில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் தொடங்கிவிடலாம். அதற்கு ஈடாகவே ரால் தர முத்திரை என்ற ஒன்று அங்கே இருக்கிறது. அந்த முத்திரை பெற்ற ஏஜென்சிகள் குறிப்பிட்ட விதிகளுக்கு உட்பட்டு, சோதனைக்கும் உள்ளாகின்றன. எனவே உங்கள் மகள் நேரடியாக அத்தகைய ஓர் ஏஜென்சிக்கு எழுதட்டும். அவளுக்குத்தான் மொழி தெரியுமே. குடும்பத்தோடு பிரச்சினை வந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது, குடும்பத்தை மாற்றித் தருவீர்களா, அதுவரை எங்கே தங்குவது என்பதை முதல் கடிதத்திலேயே கேட்கட்டும். முன்பு அதே வீட்டில் இருந்த பெண்ணோடு பேச வேண்டும் என்றும் கேட்கட்டும். அந்தக் குடும்பம் நல்ல குடும்பமாக இருந்தால் அந்த எண்ணைத் தயங்காமல் கொடுக்கும்.

பாயான் லெப்பாஸ் சகோதரிக்கு நான் எழுதிய பதிலையும் தயவுசெய்து படியுங்கள். வேற்று வீட்டில் உங்கள் மகளுக்கு என்னென்ன கிடைக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ, அவை அனைத்தும் இங்கே நம் வீட்டுக்கு வரும் பெண்ணின் தகப்பனும் எதிர்பார்ப்பவை.

கேள்வி: பணிப்பெண்ணின் கடப்பிதழை நீங்களே பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஓடிவிடுவாள் என்று ஏஜென்சி சொல்கிறது. செய்யலாமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: செய்யக் கூடாது. மற்றவரின் கடப்பிதழைச் சட்ட அதிகாரம் இன்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் கட்டாய உழைப்பு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டு, 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. பூட்டிய கடப்பிதழ் அங்கே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். அவருக்குப் பூட்டுச் சாவியோடு ஓர் அலமாரியைக் கொடுத்து, சாவியை அவரிடமே விட்டுவிடுங்கள். இந்த யோசனையை உங்களுக்குச் சொன்ன ஏஜென்சியிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

கேள்வி: 13,800 ரிங்கிட் கொடுத்து எடுத்த பணிப்பெண் ஏழாவது வாரம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதத்துக்குள் போனால் வேறு ஆள் தருவோம் என்று எழுதிக் கொடுத்த ஏஜென்சி, இப்போது நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று கைவிரிக்கிறது. நாங்கள் திட்டியதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை மட்டும் கொடுக்கவில்லை; ஏஜென்சிதான் வேண்டாம் என்றது. அவருடைய பை ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறார்கள்.
— ஒரு தம்பதியர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முதலில் அவர் காணாமல் போனதைக் காவல்நிலையத்திலும் குடிநுழைவுத் துறையிலும் அறிவித்துவிடுங்கள், அவர் எங்கேயோ ஆபத்தில் இருக்கக்கூடும் என்பதற்காகவும், அவருடைய பெர்மிட் உங்கள் பெயரில் இருப்பதற்காகவும் இது உடனே நடக்க வேண்டும். அவர் ஏதேனும் அமைப்பில் அடைக்கலம் தேடியிருக்கலாம். தெனாகனித்தா போன்ற அமைப்புகள் இத்தகைய பெண்களுக்கு உதவுகின்றன. அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கும் துணைத் தூதரகத்துக்கும்கூட அவர் போயிருக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, எழுத்தில் தந்த வாக்குறுதி எழுத்தில் தந்ததுதான். ஒப்பந்தத்தின் நகல், ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை அச்சிட்டு, 14 நாள் கெடு வைத்து ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. உரிமம் பெற்ற ஏஜென்சி என்றால் தொழிலாளர் இலாகாவிலும் புகார் கொடுங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தப் புகார் கோப்பில் இருக்கும். மனுவை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழு வாரம் ஒரு நாள்கூட விடுமுறை இல்லாமல் இருந்தால் நீங்கள் இருவரும் உங்கள் வேலையில் நிலைத்திருப்பீர்களா? நடுவர் மன்றத்திலும் இந்தக் கேள்வி வரும். ஏஜென்சி வேண்டாம் என்று சொன்னதற்கான செய்தி உங்கள் கைப்பேசியில் இருந்தால் அதையும் மறைக்காமல் கோப்பில் சேருங்கள். அடுத்து வருபவருக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

பையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைச் சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு பட்டியலிட்டு, படமெடுத்து, புகாரின் எண்ணோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அவரிடமிருந்தோ அவர் சார்பாகத் தூதரகத்திலிருந்தோ யாராவது கேட்டு வந்தால், ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏழு வாரத்தில் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.